பழைய ஜீப் வாங்குகிறீர்களா? அடியில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள்

 

கூடலூர், பந்தலூர், வால்பாறை, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளில் ஜீப் என்பது ஆடம்பரம் அல்ல. பேருந்து போகாத எஸ்டேட் பாதையில் தொழிலாளர்களை ஏற்றிச் செல்வதும், விளைந்த இஞ்சியையும் காய்கறியையும் சாலைக்குக் கொண்டுவருவதும், இரவில் பிரசவ வலி வந்த பெண்ணை ஆஸ்பத்திரியில் சேர்ப்பதும் பெரும்பாலும் ஜீப்தான். புதிய வண்டியின் விலை எட்டாததால் பலரும் செகண்ட் ஹேண்ட் வண்டியைத் தேடுகிறார்கள். வீட்டு நகையை விற்றும், வெளிநாட்டில் சேர்த்த பணத்தைப் போட்டும் வாங்குகிறார்கள். வாங்கிய வண்டி பட்டறையிலேயே நின்றுவிட்டால் அந்தக் குடும்பம் உதவி கேட்டு ஜமாஅத்தின் வாசலுக்கு வரவேண்டிய நிலை ஏற்படுகிறது. அந்த நிலை வராமலிருக்க என்னென்ன பார்க்க வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறோம்.

ஈரமான தானியம் தரும் பாடம்

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை கடைவீதியில் தானியக் குவியல் ஒன்றைக் கடந்து சென்றார்கள். குவியலுக்குள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டது. காரணம் கேட்டார்கள். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டு, மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என எச்சரித்தார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது.

பழைய வண்டி வியாபாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் இல்லை. விற்பவர் குறையை மறைக்காமல் சொல்ல வேண்டும். வாங்குபவரும் மேல் பாலிஷைப் பார்த்து மயங்காமல் உள்ளே கையை விட்டுப் பார்க்க வேண்டும். வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளுக்கு இது அப்படியே பொருந்தும். 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் சென்னையில் ஏராளமான வாகனங்கள் நீரில் மூழ்கின. மூழ்கிய வண்டியைக் கழுவி, சீட் உறை மாற்றி, வாசனை தெளித்துவிட்டால் வெளியே எதுவும் தெரியாது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள்; சேற்றுக் கறை இருந்தால் அங்கே காட்டிக்கொடுக்கும். கார்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். சீட் ஓடும் தண்டவாளத்தில் துரு, ஃபியூஸ் பெட்டிக்குள் மண், ஹெட்லைட்டுக்குள் நீர்ப்படலம் ஆகியவற்றையும் கவனியுங்கள். இவற்றில் இரண்டு சேர்ந்து தென்பட்டாலே அந்த வண்டியை விட்டுவிடுவது நல்லது.

ஜீப் போலிருப்பதெல்லாம் ஃபோர் வீல் அல்ல

தோற்றத்தை வைத்து ஏமாறுவது அதிகம். பொலேரோ வண்டிகளில் பெரும்பாலானவை பின் சக்கரங்கள் மட்டும் இழுப்பவை. 2020 அக்டோபரில் விற்பனைக்கு வந்த புதிய மஹிந்திரா தாரிலும் 2023 ஜனவரி முதல் பின் சக்கரம் மட்டும் இழுக்கும் வகை கிடைக்கிறது. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி என்றால் விலை கூடும், பராமரிப்பும் கூடும். ஆகவே உங்கள் பாதைக்கு அது தேவைதானா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். சிமெண்ட் சாலை வீட்டு வாசல் வரை வந்துவிட்ட ஊரில் இரு சக்கர இழுவையும் நல்ல டயரும் போதும்.

தேவைதான் என்றால் சோதித்து வாங்குங்கள். டூ ஹை, ஃபோர் ஹை, ஃபோர் லோ என மூன்று நிலைகள் இருக்கும். மண் தரையில் வண்டியை நிறுத்தி ஒவ்வொன்றையும் போட்டுப் பாருங்கள். ஃபோர் லோவில் வண்டி மெதுவாக, ஆனால் வலுவாக ஏற வேண்டும். விற்பவர் அந்த லிவரைத் தொடவே தயங்கினால் அதற்குக் காரணம் இருக்கும்.

காய்ந்த தார்ச் சாலையில் ஃபோர் ஹை போட்டு வளைக்கக் கூடாது. வளைவில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வெவ்வேறு தூரம் உருள வேண்டும். இவ்வகை ஜீப்புகளில் முன், பின் ஆக்சில்கள் ஒன்றாகப் பூட்டப்படுவதால் அந்த வித்தியாசத்துக்கு இடமில்லை. இறுக்கம் ஏறிப் பல்சக்கரங்கள் தேயும், உடையும். முந்தைய உரிமையாளர் இதை அறியாமல் ஓட்டியிருந்தால் அதன் செலவு உங்கள் தலையில் விழும். நான்கு டயரும் ஒரே அளவாக, ஏறக்குறைய ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும் என்பதும் இதனால்தான்.

பட்டறையில் பார்க்க வேண்டியவை

காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பாருங்கள். முன்கூட்டியே சூடேற்றி வைத்த வண்டி தன் நோயைக் காட்டாது. ஸ்டார்ட் செய்து சிறிது நேரம் கழிந்த பிறகும் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கூலண்ட் உள்ளே இறங்குகிறதா, டீசல் சரியாக எரியவில்லையா என்று பார்க்க வேண்டும். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது கரும்புகை கனமாக வந்தால் இன்ஜெக்டர், டர்போ, ஏர் ஃபில்டர் ஆகியவற்றில் வேலை இருக்கலாம்.

பிறகு வண்டியை மேலே ஏற்றி அடிப்பாகத்தைப் பாருங்கள். ஜீப்பின் உயிர் அதன் சேசிஸில் இருக்கிறது. அதில் வெல்டிங் ஒட்டு, வளைவு, உதிரும் துரு இருக்கக் கூடாது. புதிதாகக் கருப்பு பெயிண்ட் அடித்திருந்தால் எதை மறைக்க அடித்தார்கள் என்று கேளுங்கள். டிஃபரென்ஷியல் ஆயிலைச் சிறிது எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மோர் நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. முன் ஆக்சிலின் ரப்பர் உறைகள் கிழிந்திருக்கின்றனவா, லீஃப் ஸ்பிரிங் பட்டைகள் உடைந்திருக்கின்றனவா, ஸ்டீயரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண் அதன் வயதைச் சொல்லும். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது.

விற்பவரும் புரோக்கரும் காட்டும் மெக்கானிக்கை நம்பி முடிவெடுக்காதீர்கள். உங்களுக்குத் தெரிந்தவருக்கு ஒரு நாள் கூலி கொடுத்து அழைத்துப் போங்கள். அந்தச் சிறு செலவு பெருநஷ்டத்தைத் தடுக்கும்.

சாவி வாங்கினால் வியாபாரம் முடிந்துவிடாது

வண்டி சாவி கைமாறியதும் எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்கள் நம்மில் அதிகம். ஆர்.சி. புக்கில் பெயர் மாறும்போதுதான் வியாபாரம் முடிகிறது. மோட்டார் வாகனச் சட்டம் 50ஆவது பிரிவின்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். படிவம் 29, படிவம் 30 ஆகியவை இதற்கானவை. வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு வண்டியை ஓட்டும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

விற்பவருக்கும் இதில் ஆபத்து உண்டு. பல கை மாறிய ஒரு வாகனம் விபத்தில் சிக்கிய வழக்கில், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீங்கள் எப்போதோ விற்ற ஜீப் இன்று ஒருவர் மீது மோதினாலும், பெயர் மாற்றாமல் விட்டிருந்தால் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வரும்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே எம் பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். எத்தனையாவது உரிமையாளர், இன்சூரன்ஸ், எஃப்.சி. எதுவரை, ஃபைனான்ஸ் பாக்கி இருக்கிறதா என்பதெல்லாம் தெரியும். அபராத பாக்கியையும் இ-சலான் தளத்தில் பாருங்கள். ஃபைனான்ஸ் இருந்தால் அந்த நிறுவனத்தின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-உம் கையில் வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள்.

மூன்றாம் நபருக்கான இன்சூரன்ஸ் புதிய உரிமையாளருக்குத் தானாகவே மாறியதாகச் சட்டம் கருதும். ஆனால் உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கு நஷ்டஈடு கிடைக்க வேண்டுமானால் 14 நாட்களுக்குள் விண்ணப்பித்து பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும்.

மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் இருக்கும்

டெல்லியில் 10 ஆண்டு கடந்த டீசல் வாகனங்கள் ஓட 2015இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தடை விதித்தது. 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. அதனால் அங்கிருந்து டீசல் வண்டிகள் குறைந்த விலைக்குத் தெற்கே வருகின்றன. விலையை மட்டும் பார்க்காமல், அங்குள்ள ஆர்.டி.ஓ.வின் தடையில்லாச் சான்று, இங்கே கட்ட வேண்டிய சாலை வரி, மறுபதிவு அலைச்சல் அனைத்தையும் கூட்டிப் பாருங்கள். சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான் செல்லும்; அதன் பிறகு சோதனை செய்து ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

மாற்றியமைத்த ஜீப்புகளிலும் கவனம் தேவை. ஹரியானாவின் மண்டி டப்வாலி இப்படிப் பாகங்களைச் சேர்த்துக் கட்டும் ஜீப்புகளுக்குப் பெயர் பெற்றது. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஆர்.சி.யில் உள்ளதற்கும் வண்டிக்கும் பொருத்தம் இல்லையென்றால் பெயர் மாற்றமும் எஃப்.சி.யும் சிக்கலாகும். தயாரிப்பாளரின் அசல் அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. முன்னால் மாட்டும் இரும்புக் கம்பி பம்பருக்கு எதிராக நடவடிக்கை எடுக்குமாறு மத்திய அரசு 2017இலேயே மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. அந்தக் கம்பி மோதலின் வேகத்தை உணர விடாமல் ஏர்பேக் திறப்பதைக் கெடுக்கக்கூடும். நடந்து செல்பவருக்கும் ஆபத்து.

வெள்ளை போர்டில் வாடகை ஓட்டாதீர்கள்

பிழைப்புக்காக ஜீப் வாங்கும் சகோதரர்கள் இதை அவசியம் படிக்க வேண்டும். வெள்ளை போர்டு வண்டியில் வாடகைக்கு ஆள் ஏற்றுவது சட்டப்படி குற்றம். விபத்து நடந்தால் பெர்மிட் இல்லை என்று காட்டி இன்சூரன்ஸ் நிறுவனம் கை விரிக்கலாம். பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்த தொகையை உரிமையாளரிடமிருந்தே வசூலிக்கவும் வழியுண்டு. நகை விற்று வாங்கிய ஜீப்போடு வீடும் போகும் நிலை வரும். மஞ்சள் போர்டாக மாற்ற முடியுமா, வரி எவ்வளவு என்பதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்ட பிறகே அந்த வண்டிக்கு விலை பேசுங்கள்.

ஆட்களை அளவுக்கு மீறி ஏற்றுவதும் அப்படித்தான். 2023 ஆகஸ்டில் வயநாடு மானந்தவாடி அருகே தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் சென்ற ஜீப் பள்ளத்தில் கவிழ்ந்து 9 பெண்கள் உயிரிழந்தார்கள். வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தவர்கள். அன்றாடம் அத்தகைய பாதையில் ஆள் ஏற்றும் ஜீப்பின் பிரேக்கும் டயரும் எப்படி இருக்கின்றன என்பது அமானிதம் சார்ந்த விஷயம்.

கடன், கணக்கு, ஸகாத்

பழைய வண்டிக்கு ஃபைனான்ஸ் தருபவர்கள் "பத்து பெர்சென்ட்தான்" என்பார்கள். 4 லட்சத்துக்கு 3 ஆண்டு, ஃபிளாட் 10 சதவீதம் என்றால் வட்டி மட்டும் 1,20,000 ரூபாய். மாதம் சுமார் 14,444 கட்ட வேண்டும். அசல் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி முழு அசலுக்கே போடப்படுவதால் உண்மை வட்டி ஏறக்குறைய 18 சதவீதம் ஆகிவிடுகிறது. வட்டி ஹராம் என்பதோடு, தவணை தவறினால் வண்டியும் போய்விடும். நம்பிக்கையான இருவர் சேர்ந்து முதல் போட்டு லாப நஷ்டத்தைப் பங்கிடலாம். உறவினரிடமோ பைத்துல்மாலிலோ அழகிய கடன் கேட்கலாம். எதுவானாலும் எழுதி வையுங்கள். கடனை எழுதி வைக்குமாறு அல்குர்ஆன் 2:282ஆவது வசனம் கட்டளையிடுகிறது.

ஓட்டும் செலவையும் முன்பே போட்டுப் பாருங்கள். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடுகிறீர்கள், டீசல் லிட்டர் 92 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 20 கிலோமீட்டர் தரும் சிறிய காருக்கு 4,600 ரூபாய். 10 கிலோமீட்டர் தரும் ஜீப்புக்கு 9,200. வாங்கும் விலையில் பத்தில் ஒரு பங்கையாவது முதல் வருட வேலைகளுக்கு ஒதுக்குங்கள். வாங்கியவுடன் இன்ஜின், கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், இரண்டு டிஃபரென்ஷியல் ஆகிய அனைத்திலும் ஆயிலை மாற்றிவிடுங்கள். ஆற்று நீரில் இறங்கி ஏறினால் மறுபடி ஆயிலைச் சோதியுங்கள். மாதம் ஒருமுறையாவது மண் பாதையில் ஃபோர் வீல் போட்டுச் சிறிது தூரம் ஓட்டுங்கள். பயன்படுத்தாத பாகம் இறுகிப்போகும்.

சொந்த உபயோகத்துக்கும் தொழிலுக்கும் ஓடும் வண்டியின் மீது ஸகாத் இல்லை. அதன் வருமானம் சேர்ந்து நிஸாபை அடைந்து ஓராண்டு நிறைந்தால் அதற்கு உண்டு. விற்பதற்காகவே வண்டி வாங்கி வைத்திருப்பவர் அதன் சந்தை மதிப்புக்கு ஸகாத் கொடுக்க வேண்டும். உங்கள் நிலைக்கு உரிய விவரத்தை மஹல்லா ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

விற்கும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. கியர் பாக்ஸில் சத்தம் இருக்கிறது என்று சொன்னால் விலையில் சில ஆயிரம் குறையலாம். சொல்லாமல் விற்றால், மலைப்பாதையில் நடுவழியில் நிற்கும் அந்த வண்டிக்குள் இருப்பது இன்னொரு குடும்பம். குறையைச் சொல்லி விற்ற பணத்தில்தான் பரக்கத் இருக்கிறது.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஹலாலான ரிஸ்கையும் பாதுகாப்பான பயணத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.