ஒலிப்பதிவுக்கு மடிக்கணினி ஏற்றதா? சோதித்து அறியும் முறை

அந்தமான் தீவுகளில் வழங்கிய அகா-போ மொழியைப் பேசியவர்களுள் கடைசியாக எஞ்சியிருந்த போவா சீனியர் என்னும் மூதாட்டி 2010 ஜனவரியில் காலமானார். மொழியியல் அறிஞர் அன்விதா அப்பி முன்னரே பதிவு செய்து வைத்திருந்தமையால் அம்மூதாட்டியின் குரலை இன்றும் கேட்க முடிகின்றது. இத்தகைய பதிவை இரண்டாம் முறை எடுக்க வழியில்லை. ஆதலின், கருவிகளுடன் களத்திற்குச் செல்லும் ஊழியரும், மாணவரைக் கொண்டு ஊர்க்கதைகளையும் பாட்டுகளையும் பதிவு செய்யும் ஆசிரியரும், தம்மிடமுள்ள மடிக்கணினி அப்பணிக்கு ஏற்றதா என்பதை முன்கூட்டியே சோதித்தல் அவசியமாகும்.

கணினியின் பங்கு

மைக்ரோபோன் ஒலியலையை மின்னலையாக மாற்றுகிறது. ஆடியோ இன்டர்ஃபேஸ் எனப்படும் இடைக்கருவி அம்மின்னலையை விநாடிக்கு 48,000 முறை அளந்து எண்களாக்குகிறது. கணினி செய்ய வேண்டுவது, அவ்வெண்களை ஒன்றும் தவறாமல் பெற்றுச் சேமித்தலே. ஒவ்வோர் அளவும் 24 பிட் கொண்டதாயின், இரு தடப் பதிவுக்கு விநாடிக்கு 2,88,000 பைட்டுகள், அதாவது மணிக்கு ஏறக்குறைய 1.04 ஜிகாபைட் சேரும். யூ.எஸ்.பி. 2.0 இணைப்பு ஏற்கவல்ல வேகத்தில் இது இருநூறில் ஒரு பங்குக்கும் குறைவு. எனவே, விலையுயர்ந்த கணினி வேண்டுமென்பதில்லை. பொருத்தமான கணினியே வேண்டும்.

துளையும் டிரைவரும்

முதலில் நோக்க வேண்டியது இணைப்புத் துளை. நீள்வட்டமான சி-வகைத் துளை ஒரே வடிவில் இருப்பினும், அதன் வேகமும் ஆற்றலும் கணினிக்குக் கணினி வேறுபடும். தண்டர்போல்ட் கருவி சாதாரண யூ.எஸ்.பி. துளையில் இயங்காமற் போகலாம். பழைய ஃபயர்வயர் கருவிகளுக்கு இன்றைய மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் இடமில்லை. கணினியின் பக்கத்திலுள்ள சிறு ஒலித்துளை இடைக்கருவிக்கு மாற்றாகாது. அது கைப்பேசி வகைத் தலையணி ஒலிபெருக்கிக்கென அமைந்தது.

அடுத்தது டிரைவர் மென்பொருள். கணினியின் இயங்குதளப் பதிப்புக்கு உரிய டிரைவரை இடைக்கருவியின் உற்பத்தியாளர் வழங்குகின்றாரா என்று பார்த்தல் வேண்டும். ஆர்ம் வகைச் செயலி கொண்ட விண்டோஸ் கணினியில் இன்டெல் வகைக்கென எழுதப்பட்ட டிரைவர் இயங்காது. தனி டிரைவர் வேண்டாத பொதுமுறைக் கருவிகளும் உள்ளன; களப்பணிக்கு அவை வசதியானவை.

மின்சாரம்

யூ.எஸ்.பி. 2.0 துளை 500 மில்லி ஆம்பியரும், 3.0 துளை 900 மில்லி ஆம்பியரும் அளிக்கும் என்பது விதி. கண்டென்சர் மைக்ரோபோனுக்கு வேண்டிய 48 வோல்ட் அழுத்தத்தையும் இடைக்கருவி இச்சிறு மின்சாரத்திலிருந்தே உண்டாக்குகிறது. தனி மின்சாரமில்லாத ஹப் வழியாக இணைத்தால் பற்றாக்குறை ஏற்பட்டு, ஒலி இரைச்சலுடன் வரலாம். கருவி அணைந்தும் போகலாம். சார்ஜரைச் செருகியதும் ஓர் ஊமையான ரீங்காரம் கேட்குமாயின், பதிவு நேரத்தில் பாட்டரியிலேயே இயக்குதல் நலம்.

சொடக்கொலியின் காரணம்

பதிவில் இடையிடையே ‘டிக்’ என்ற ஒலி கேட்பதற்குக் காரணம் பெரும்பாலும் கணினியின் வேகக் குறைவன்று. உரிய நேரத்தில் அது கவனிக்கத் தவறுவதேயாகும். குழாயடியில் குடம் நிரம்புமுன் அடுத்த குடத்தை வையாவிடில் நீர் சிந்தும். பஃபர் என்பது அக்குடம் போன்றது. 256 அளவுகள் கொண்ட பஃபர் 5.3 மில்லி விநாடியில் நிரம்பும். 1,024 கொண்டது 21.3 மில்லி விநாடியில் நிரம்பும். கம்பியில்லா வலைத்தொடர்பு, மின்சிக்கன ஏற்பாடு முதலியவற்றின் வேலைகள் கணினியை அந்நேரத்திற்கு மேல் தடுத்து வைப்பின் சில அளவுகள் இழக்கப்படும். பேச்சுப் பதிவுக்குப் பெரிய பஃபரே பாதுகாப்பானது. பேசுவதை உடனுக்குடன் கேட்க வேண்டுமாயின், இடைக்கருவியிலேயே தலையணி ஒலிபெருக்கியைச் செருகிக் கேட்கலாம்.

சோதனை

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னரேனும் கீழ்க்கண்டவாறு சோதித்தல் வேண்டும்:

1. களத்தில் உபயோகிக்கப் போகும் அதே கம்பி, அதே மைக்ரோபோன், அதே துளை ஆகியவற்றைக் கொண்டு அமைத்தல்.

2. வலைத்தொடர்பையும் பிற மென்பொருள்களையும் நிறுத்தி, பாட்டரியில் ஒரு மணி நேரம் இடைவிடாமல் பதிவு செய்தல்.

3. பதிவைத் தலையணி ஒலிபெருக்கியில் முழுவதும் கேட்டுச் சொடக்கொலி, ரீங்காரம், விசிறியின் இரைச்சல் ஆகியவற்றைக் குறித்தல்.

4. குறை தோன்றினால் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றி மீண்டும் சோதித்தல்; பலவற்றை ஒருங்கே மாற்றினால் காரணம் புலப்படாது.

5. எஞ்சிய பாட்டரி அளவையும் சேமிப்பிடத்தையும் குறித்து, எதிர்பார்க்கும் பணிநேரத்தைப் போல் இரு மடங்குக்கு இடம் வைத்தல்.

சோதனையில் தேறிய பின்னர், பணி முடியும்வரை இயங்குதளத்தைப் புதுப்பிக்காதிருத்தல் நன்று. தேறாத கணினியைப் பதிவுக்கு உபயோகிக்காமல், கையடக்க ஒலிப்பதிவுக் கருவியில் பதிவு செய்து, படியெடுக்க மட்டும் கணினியைப் பயன்படுத்தலாம். எம்முறையாயினும், அன்றன்றைய பதிவை அன்றிரவே வெவ்வேறான இரண்டு சேமிப்புக் கருவிகளில் படியெடுத்து வைத்த பின்னரே அன்றைய பணி முடிந்ததாகக் கொள்ளல் வேண்டும்.