நந்தி முதுகு காட்டும் ஊரில் 31 நாள் மை ஓவியம்! தெரியுமா?

ஒரு பேனா, ஒரு நோட்டு, நாளுக்கு ஒரு சொல். அக்டோபர் பிறந்தால் உலகெங்கும் எத்தனையோ பேர் 31 நாளில் 31 மை ஓவியம் வரைகிறார்களே, அது எப்படித் தொடங்கியது தெரியுமா? 2009-இல் ஜேக் பார்க்கர் என்ற அமெரிக்க ஓவியர், தன் கை படிய வேண்டும் என்று தனக்கே போட்டுக்கொண்ட வீட்டுப்பாடம் அது! பெயர் 'இங்க்டோபர்'.

அம்பத்தூர், ஆவடிக்காரர்கள் சொல் தேடி அலையவே வேண்டாம். 'முதுகு' என்று வைத்துக்கொண்டு திருமுல்லைவாயில் மாசிலாமணீஸ்வரர் கோயிலுக்குப் போங்கள். சிவன் கோயிலில் நந்தி சுவாமியைப் பார்த்துத்தானே படுத்திருக்கும்? இங்கே சுவாமிக்கு முதுகு காட்டி, வாசலைப் பார்த்திருக்கிறது! தொண்டைமான் மன்னனுக்குத் துணையாகப் போருக்குக் கிளம்பிய கோலம் என்கிறது தலபுராணம். திமிலின் மேல் வெளிச்சம் விழும் இடத்தில் காகிதத்தை வெறுமனே விடுங்கள். வயிற்றுப் பக்கம் இறங்க இறங்கக் கோடுகளை நெருக்குங்கள். கல்லுக்குக் கனம் வந்துவிடும்! மறுநாள் சொல் 'எருக்கு'. அதே கோயிலின் கருவறை வாசலில் இரண்டு எருக்கந்தூண்கள். வேலியோரச் செடியில் தூணா!

'சைக்கிள்' வேண்டுமா? 1949-இல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் அம்பத்தூரில்தான். 'டாங்கி'? முதல் விஜயந்தா டாங்கி 1965-இல் ஆவடியில் உருண்டு வந்தது!

இந்தப் பழக்கம் நமக்குப் புதிதா என்ன? நாமக்கல்லில் பிறந்த பி.எம். சீனிவாசனுக்கு 'சில்பி' என்று பெயர் சூட்டியவர் ஓவியர் மாலி. கோயில் கோயிலாகப் போய், சிலைக்கு எதிரே உட்கார்ந்து அவர் வரைந்தவைதான் ஆனந்த விகடனின் 'தென்னாட்டுச் செல்வங்கள்'. காந்தி நூற்றாண்டான 1969-இல் ஓவியர் ஆதிமூலம் காந்தியை மட்டுமே 100 கோட்டோவியங்களாக வரைந்தார். ஒரே சொல், நூறு பதில்!

ஓவியர் மனோகர் தேவதாஸ் கதை நெஞ்சை உலுக்கும். விழித்திரை நோயால் பார்வை வட்டம் ஆண்டுக்கு ஆண்டு சுருங்கியது. மிஞ்சிய அந்தச் சிறு வட்டத்தின் வழியே தன் மதுரையைத் துண்டு துண்டாகப் பார்த்து, மயிரிழைக் கோடுகளால் முழு ஊரையே காகிதத்தில் எழுப்பினார்! 2020-இல் பத்மஸ்ரீ, 2022-இல் மறைந்தார். என்னைக் கேட்டால், பேனா பிடிக்கும் ஒவ்வொருவரும் முதலில் பார்க்க வேண்டியது இவர் கோடுகளைத்தான்.

இன்னொன்று தெரியுமா? இந்தியன் இங்க்கின் கறுப்பு, புகைக்கரி! கரி வெயிலில் வெளுக்காது. ஓலைச்சுவடியில் கீறிய எழுத்தின் மேல் நம் முன்னோர் தடவியதும் விளக்குக் கரிதான். வாங்கும் மை எப்படி என்று அறிய ஒரு கோடு போட்டு, காய்ந்ததும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். கரைந்து ஓடினால் அது பெரும்பாலும் சாய மைதான்.

அக்டோபர் வரை காத்திருக்காதீர்கள். இன்று 'நந்தி', நாளை 'எருக்கு', மறுநாள் 'ஏரி'. ரப்பரை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்புங்கள்!