பாதுகாப்பு என்று யார் சொல்வது?

பக்கவாதத்தில் கை விழுந்தவருக்குச் சட்டை போடவும், தானே அள்ளி உண்ணவும் மறுபடி பழக்குவது ஆக்குபேஷனல் தெரபி. நியூசிலாந்தில் மவோரி பூர்வகுடியினர் வீட்டுக்குப் போகும் மாணவர் சாப்பாட்டு மேசைமேல் உட்காரக் கூடாது. கேட்காமல் தலையைத் தொடக் கூடாது. தலை அவர்களுக்குப் புனிதம்.

வழக்கங்களை மனப்பாடம் செய்தால் மட்டும் போதாது என்றார் மவோரி செவிலியர் இரிஹாபேட்டி ராம்ஸ்டன். சிகிச்சை தருபவர் முதலில் தன் அதிகாரத்தையும் முன்முடிவுகளையும் சோதிக்க வேண்டும். அது பாதுகாப்பானதா என்பதைப் பெறுபவரே சொல்ல வேண்டும். இந்தக் 'கலாச்சாரப் பாதுகாப்பு' 1992-இல் அங்கே செவிலியர் பாடத்தில் சேர்ந்தது. பின்னர் ஆக்குபேஷனல் தெரபிக்கும் வந்தது.

நம்மைத் தொட்டு நாடி பார்க்கத் தயங்கிய கைகளை நாம் அறிவோம். அவமானப்பட்டவர் மறுமுறை ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதில்லை, நோய் முற்றுகிறது. மருத்துவம் படிக்கும் நம் பிள்ளைகள் இதை வகுப்பிலேயே கேட்க வேண்டும்.