வத்தல்மலை வழியும் எஞ்சினுக்குரிய மதியும்

தருமபுரி மாவட்டத்து மலைகளுள் வத்தல்மலையும் ஒன்று. கடல் மட்டத்துக்கு மேல் மூவாயிரம் அடிக்கு மிகுந்த உயரத்தில் மலையாளி என்னும் பழங்குடி மக்களின் சிற்றூர்கள் ஆங்காங்கே அமைந்துள்ளன. காப்பியும் மிளகும் அங்கு விளைகின்றன. நெடுங்காலம் அம்மக்கள் தம் விளைபொருளைச் சுமந்து கால்நடையாகவே இறங்கி வந்தனர். இப்பொழுதோ இருபதுக்கு மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகளையுடைய பாதையொன்று மேலே செல்கின்றது. இத்தகைய ஏற்றத்தில் தளர்ந்த எஞ்சினுடைய பழைய ஜீப்பைச் செலுத்துவோன், "வலிமை மிக்க வேறோர் எஞ்சினை இதனுள் பொருத்தலாகாதோ?" என்று எண்ணுதல் இயல்பே.

அவ்வாறு எண்ணுவோர் பெரும்பாலும் குதிரைத்திறனையே முதற்கண் நோக்குவர். எஞ்சினை ஆளுகின்ற கணினியை இறுதியில் நினைப்பர். பட்டறைகளில் ஈ.சி.யு. என வழங்கும் அக்கணினியைத் தேர்ந்த பின்னரே எஞ்சினைத் தேர்தல் வேண்டும் என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

முற்காலத்தில் இக்கவலை இல்லை. காற்றையும் பெட்ரோலையும் கார்பூரேட்டர் கலந்து தந்தது. தீப்பொறியை டிஸ்டிரிபியூட்டர் பங்கிட்டது. 1980-களின் இறுதியில் கோயம்புத்தூரைச் சார்ந்த பந்தய வீரர் கரிவரதன், மாருதி 800 வண்டியின் எஞ்சினை ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியில் அமைத்து நம் நாட்டு இளைஞர் பலர்க்குப் பந்தயக் களத்தைத் திறந்துவிட்டார். அவ்வெஞ்சின் கார்பூரேட்டர் உடையது. எண்ணெய்க் குழாயும் சில மின்கம்பிகளும் இணைந்தால் அஃது ஓடும்.

ஆயினும் மேனாட்டில் மாறுதல் முன்னரே தொடங்கிவிட்டது. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1967-இல் மின்னணு முறையால் பெட்ரோலைப் பீய்ச்சும் அமைப்பை ஃபோக்ஸ்வாகன் வண்டியில் வைத்தது. 1979-இல் பெட்ரோலையும் தீப்பொறியையும் ஒரே கணினி ஆளும் மோட்ரானிக் என்னும் அமைப்பை வெளியிட்டது. நம் நாட்டில் இம்மாறுதலை மாருதி ஜிப்ஸி வண்டியின் வரலாற்றில் தெளிவுறக் காணலாம். 1985-இல் 970 கன சென்டிமீட்டர் எஞ்சினோடு வந்த அவ்வண்டிக்கு 1996-இல் 1,298 கன சென்டிமீட்டர் எஞ்சின் அமைந்தது. 2000-ஆம் ஆண்டில் கார்பூரேட்டர் நீங்கிக் கணினி வந்தது. வண்டியின் உடல் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்ப, உள்ளிருந்த மதியே மாறியது. பழைய ஜிப்ஸியில் புதிய ஜிப்ஸியின் எஞ்சினைப் பொருத்த விழைவோன் ஒருவனை ஈண்டு எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

அவன் வாங்கும் கணினி செய்யும் தொழில் யாது? நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிஷத்துக்கு 3,000 சுற்றுச் சுழலுங்கால், ஒரு விநாடிக்கு 100 தீப்பொறிகள் வேண்டும். ஒவ்வொன்றும் உரிய கோணத்தில் எழல் வேண்டும். அவ்வேகத்தில் ஒரு பாகைக்குரிய காலம் விநாடியில் 18,000-இல் ஒரு பங்கே. கிராங்க் தண்டின் நிலை, உட்செல்லும் காற்றின் அழுத்தமும் வெப்பமும், நீரின் வெப்பம், ஆக்ஸிலரேட்டர் திறந்துள்ள அளவு, புகையில் எஞ்சிய ஆக்ஸிஜன் ஆகியவற்றைச் சென்சார்கள் அறிவிக்க, இஞ்செக்டர் எவ்வளவு நேரம் திறத்தல் வேண்டும் என்பதைக் கணினி தன் அட்டவணை நோக்கி முடிவு செய்கின்றது. பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று ஏறத்தாழ 14.7 பங்கு என்னும் எடையளவு முழுமையான எரிதலுக்குரியது. 1,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம், கடல் மட்டத்தை நோக்க, நூற்றுக்கு ஏறத்தாழப் பதினொரு பங்கு குறையும். கார்பூரேட்டர் அதனை அறியாது பெட்ரோலை மிகுதியாகத் தரும். அழுத்தச் சென்சாரையுடைய கணினியோ அறிந்து குறைக்கும். ஆதலின் மலைக்குரிய வண்டிக்குக் கணினி பெரும்பேறே. அது தன் எஞ்சினை அறிந்த கணினியாக இருத்தல் மட்டும் வேண்டும்.

கணினியைத் தேர்தற்கண் வழிகள் மூன்று உள. முதலாவது, அவ்வெஞ்சினோடு பிறந்த கணினியையே கொள்ளுதல். இரண்டாவது, எவ்வெஞ்சினுக்கும் இசையுமாறு நாமே அட்டவணை எழுதிக்கொள்ளும் தனிக்கணினியைக் கொள்ளுதல். ஆஸ்திரேலியாவின் ஹால்டெக், அமெரிக்க அன்பர் இருவர் 2001-இல் தொடங்கிய மெகாஸ்குவர்ட், எவரும் பார்த்துத் திருத்தத்தக்க ஸ்பீடுயினோ ஆகியவை இவ்வகையின. மூன்றாவது, பழைய கணினிக்கும் சென்சாருக்கும் இடையே ஒரு சிறு பெட்டியை வைத்துச் செய்தியைத் திரித்து அனுப்புதல். தமிழ் பயில்வார் முதலாவதை இயல்புப் புணர்ச்சி எனவும் ஏனையவற்றை விகாரப் புணர்ச்சி எனவும் எளிதில் நினைவில் வைக்கலாம்.

மூன்றாவது வழி மலைக்கு ஆகாது. பொய்ச் செய்தியைக் கொண்டு மெய்யான முடிவு செய்யுமாறு கணினியை ஏவுதல் அது. இரண்டாவது வழி பந்தயத்துக்கும், காம் தண்டு முதலியன மாற்றப்பெற்ற எஞ்சினுக்கும் உரியது. அவற்றுக்கு முன்னமைந்த அட்டவணை பயன்படாது. புதிதாக எழுதியே ஆதல் வேண்டும். ஆனால் அவ்வெழுத்து எளிதன்று. குளிர்ந்த காலையில் கிளப்புதல், வெயிலில் நிறுத்திய சூடான எஞ்சினை மீண்டும் கிளப்புதல், ஏற்றம், இறக்கம் ஆகிய ஒவ்வொரு நிலைக்கும் அகன்ற அளவுடைய ஆக்ஸிஜன் சென்சாரும் அளவைப் பொறியும் கொண்டு தேர்ந்தவர் பன்னாள் உழைத்தல் வேண்டும்.

இறக்கத்தையே கருதுவோம். ஆக்ஸிலரேட்டரை விட்டு எஞ்சினாலேயே வேகத்தைத் தடுத்து இறங்குங்கால், கணினி பெட்ரோலை நிறுத்திவிடும். சுழற்சி குறைந்தவுடன் மீண்டும் தரும். அவ்வெல்லையைத் தவறாக எழுதினால், வளைவில் கிளட்சை மிதித்த கணத்தே எஞ்சின் நின்றுபோம். நின்றபின் பிரேக்குக்குத் துணைசெய்யும் வெற்றிட ஆற்றல் இரண்டு மூன்று மிதிகளில் தீரும். அதன்பின் கால் முழு வலிமையோடு அழுத்தினும் வண்டி எளிதில் நில்லாது. ஒருபுறம் பாறையும் ஒருபுறம் பள்ளமுமாக உள்ள வழியில், பின்னிருக்கையில் மக்களை ஏற்றி வருவோனுக்கு இஃது உயிர் பற்றிய செய்தியாகும். எஞ்சினை ஆக்கியோர் பல தட்பவெப்பங்களிலும் பல உயரங்களிலும் ஓட்டிச் சேர்த்த அறிவு அதன் உடன்பிறந்த கணினியில் உள்ளது. மாற்றப்பெறாத எஞ்சினுக்கு அவ்வறிவை விலக்கிப் பிறிதொன்றைத் தேடுதல் வீண் செலவு.

அங்ஙனம் உடன்பிறந்த கணினியைக் கொள்வோன் கருத வேண்டுவன சில. கணினியின் மேல் எழுதிய எண் அவ்வெஞ்சினுக்கும் அவ்வகைக் கியர்ப்பெட்டிக்கும் உரியதோ என நோக்குதல் வேண்டும். ஒயரிங் முழுவதையும் வெட்டாது, சென்சார்களோடு ஒருசேர வாங்குதல் வேண்டும். திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் உடையதாயின், அதன் பெட்டியும் சாவியும் உடன் வாராவிடில் எஞ்சின் கிளம்பாது. மிகப் புதிய வண்டிகளின் கணினி, பிரேக்குக் கணினி முதலிய பிறவற்றோடு இடையறாது உரையாடும்; மறுமொழி கிடையாதாயின் ஆற்றலைக் குறைத்துக்கொள்ளும். ஆதலின் பழைய ஜீப்புக்குச் சற்று முற்பட்ட, எளிய கணினியையுடைய எஞ்சினே நன்று. கார்பூரேட்டருக்குரிய பழைய பம்பின் அழுத்தம் இஞ்செக்டருக்குப் போதாமையின் மின்சாரப் பம்பும் அமைத்தல் வேண்டும். கணினியை நீரும் வெப்பமும் அணுகாதவாறு வண்டியின் உள்ளே வைத்து, அதன் எர்த் கம்பியை உறுதியாக இணைத்தல் இன்றியமையாதது.

இவையனைத்துக்கும் முற்பட்டது சட்டம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியை மாற்றுதல் பற்றிக் கூறுகின்றது. ஆக்கியோர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தலாகாது என்று உச்ச நீதிமன்றமும் 2019-இல் தீர்ப்பளித்தது. எனவே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தை முதலில் அணுகி, எவ்வெஞ்சினுக்கு இசைவு கிடைக்கும் என்று அறிந்த பின்னரே பணத்தைச் செலவிடுக. பதிவுச் சான்றிதழில் இல்லாத எஞ்சின், விபத்து நேர்ந்த நாளில் இன்ஷூரன்ஸ் உரிமைக்கும் இடர் விளைக்கும்.

உடல் ஒன்றாயினும் உறுப்புப் பல என்பதையும், அவை ஒன்றையொன்று வேண்டியே வாழ்வன என்பதையும் பவுலடிகள் கொரிந்தியர்க்கு எழுதிய முதலாம் நிருபத்தில் விளக்கியுள்ளார். அவ்வுண்மை பட்டறைக்கும் பொருந்தும். வலிமையை மட்டும் விலைக்கு வாங்கி, அதனை ஆளும் அறிவைப் பின்னர்த் தேடிக்கொள்ளலாம் என்று எண்ணுவோன், மலையின் முதல் வளைவிலேயே தடுமாறுவான். இரண்டையும் ஒருங்கே கொண்டோன் காப்பி மூட்டையையும் கல்வி பெறச் செல்லும் பிள்ளைகளையும் நலமே இறக்கி, மாலையில் நலமே மலையேறுவான்.