சைக்கிளில் வந்த எஸ்தர்

மும்பை தாராவியின் தமிழ்ச் சபைகளில் ஆராதனை முடிந்து வெளியே வரும் கூட்டத்தைப் பார்த்து ‘எஸ்தர்’ என்று கூப்பிட்டால் நாலைந்து பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். திருநெல்வேலியிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் வந்த குடும்பங்களில் பாட்டிக்கும் அந்தப் பெயர்தான், பேத்திக்கும் அந்தப் பெயர்தான். ஆனால் சென்னையில் படித்து, பாகிஸ்தானில் கொல்லப்பட்ட எஸ்தர் ஜானைப் பற்றி நம் சபைகளில் யாரும் பேசுவது அபூர்வம். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டிய வாழ்க்கை அது.

1929-ல் ஒரு முஸ்லிம் குடும்பத்தின் ஏழு பிள்ளைகளில் ஒருவராகப் பிறந்தவர். வீட்டில் வைத்த பெயர் கமர் ஜியா. பதினேழு வயதுக்குப் பிறகு கிறிஸ்தவப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே ஓர் ஆசிரியரின் விசுவாசம் அவர் மனதைத் தொட, வேதாகமத்தை எடுத்து வாசித்தார். ஏசாயா 53-ம் அதிகாரத்தில் அவர் உள்ளம் மாறியது. அதற்குள் நாடு பிரிந்தது. குடும்பம் கராச்சிக்குப் போனது.

கராச்சியில் மரியன் லாகசன் என்ற மிஷனரி கொடுத்த புதிய ஏற்பாட்டை வீட்டாருக்குத் தெரியாமலே வாசித்துவந்தார். இப்படி ஏழு வருஷம். வீடு நிறைய ஆட்கள் இருக்கையில் ஒரு புத்தகத்தை ஒளித்துவைத்துப் படிப்பது எவ்வளவு பாடு என்பதை, ஒற்றை அறை வீட்டில் வளர்ந்த தாராவிப் பெண்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கல்யாணப் பேச்சு நெருக்கியபோது வீட்டைவிட்டு வெளியேறி, ஓர் அநாதை இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தார். எஸ்தர் ஜான் என்று பெயர் மாற்றிக்கொண்டது அப்போதுதான். திரும்பி வா என்று வீட்டார் விடாமல் வற்புறுத்தவே, 1955 ஜூன் 30 அன்று வடக்கே போகும் ரயிலில் ஏறிவிட்டார். இறங்கியது சாஹிவாலில், அன்று அந்த ஊருக்கு மாண்ட்காமரி என்று பெயர். அங்கே மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை. பிறகு குஜ்ரன்வாலாவில் வேதாகமப் பயிற்சி. 1959 ஏப்ரலில் படிப்பை முடித்து, சிச்சாவட்னி என்ற சிற்றூருக்குப் போய், அமெரிக்க பிரஸ்பிட்டேரியன் மிஷனரிகளோடு தங்கினார்.

எஸ்தரின் வாழ்க்கையில் என்னை அதிகம் பிடித்து நிறுத்துவது இதற்குப் பிந்திய பத்து மாதங்கள்தான். ஊர் ஊராக சைக்கிளிலேயே போனார். பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். பருத்திக் காட்டில் அவர்களோடு இறங்கி வேலை செய்தார். கூலிவேலை செய்கிற பெண்ணைப் பகலில் வேறு எங்கே பிடிக்க முடியும்? நெல்லைச் சீமையில் பைபிள் உமன்கள் நடையாக நடந்து செய்த ஊழியத்தைத்தான், பஞ்சாபின் கிராமப் பாதைகளில் தனியொரு இளம்பெண் செய்தார்.

1960 பிப்ரவரி 2 அன்று, தங்கியிருந்த வீட்டில், படுக்கையிலேயே கொடூரமாகக் கொல்லப்பட்டுக் கிடந்தார். வயது முப்பதுதான். சாஹிவால் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். அந்த ஊர் ஆஸ்பத்திரி வளாகத்தில் அவர் நினைவாக ஒரு சிற்றாலயம் கட்டப்பட்டது. 1998 ஜூலையில் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபே ஆலயத்தின் மேற்கு வாசலுக்கு மேல் இருபதாம் நூற்றாண்டின் இரத்தசாட்சிகள் பத்துப் பேருக்குச் சிலை வைத்தபோது, மார்ட்டின் லூதர் கிங், போன்ஹோஃபர், ரொமேரோ வரிசையில் எஸ்தருக்கும் இடம் கிடைத்தது.

கொன்றது யார் என்பது இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. குடும்பத்தார் மீது சந்தேகப்பட்டவர்கள் உண்டு, சந்தேகம் தீர்ப்பாகிவிடாது. இந்தக் கொலையைக் காட்டி ஒரு சமுதாயத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறவர்களை நான் ஏற்க மாட்டேன். 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் இந்து-முஸ்லிம் கலவரத்தில் எரிந்த தாராவியில், அடுத்த சந்திலேயே தமிழ் முஸ்லிம்கள் வாழ்கிற இடத்தில், அப்படிப் பேசுவது எஸ்தருக்கே செய்கிற துரோகம். பிள்ளைகளிடம் அந்த சைக்கிளையும், எழுத்துப் பாடத்தையும், பருத்திக் காட்டையும் முதலில் சொல்லுங்கள். கொலையைப் பற்றிப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.