ஒரு சொட்டு என்றாலும் வந்துவிடுங்கள்

மாதவிலக்கு நின்று பல வருடம் ஆனபின் மறுபடி உதிரம் படுகிறது என்று வருகிற பெண்களில் பெரும்பாலோர் மாதக்கணக்கில் அதைப் பொறுத்துக்கொண்டவர்கள். "சூடுதான்னு நெனச்சேன் டாக்டர், வெந்தயம் ஊறவெச்சுக் குடிச்சேன்" என்பார்கள். வெந்தயம் கெடுதல் செய்யாது. அதை நம்பிக் கழித்த மாதங்கள்தான் கெடுதல். அந்த உதிரத்துக்குக் காரணமாக இருக்கக்கூடிய கருப்பைவாய்ப் புற்றை ஆரம்பத்தில் பிடித்தால் குணப்படுத்திவிடலாம். முற்றியபின் வந்தால் எங்கள் கையில் மிச்சம் இருப்பது குறைவு.

கதவைச் சாத்திக்கொண்டு பேசும் நேரம்

பெண்களுக்கென்று மலையூர்களில் நடக்கும் இரண்டு நாள் நலவாழ்வு முகாம்களுக்குப் பேச அழைத்தால் தவறாமல் போகிறேன். யோகாவும் மூலிகைக் குளியலும் நல்லவைதான். நான் போவது பிற்பகல் கேள்வி நேரத்துக்காக. அங்கே கணவரோ மாமியாரோ கூட இல்லை. அடுத்த டோக்கனைக் கூப்பிட்டு யாரும் அவசரப்படுத்துவதில்லை. முதல் அரைமணி ஒருவரும் வாய் திறப்பதில்லை. பிறகு யாராவது ஒருவர், "பக்கத்து வீட்டுக்காரம்மாவுக்கு..." என்று தொடங்குவார். அதன்பின் நிற்காது. வீட்டில் பல வருடம் சொல்லாததை அங்கே சொல்கிறார்கள்.

எலும்பு உருகவில்லை

எந்த முகாமுக்குப் போனாலும் வருகிற கேள்வி: "வெள்ளைப்படுதல்னா எலும்பு உருகிப் போறதுதானே?" இல்லை. எலும்பு அப்படி உருகி வெளியே வராது. நாற்றமோ அரிப்போ இல்லாமல் லேசாக வெள்ளைப்படுவது இயல்பு. இரண்டு மாதவிலக்குக்கு நடுவிலும் கர்ப்ப காலத்திலும் அது கூடும். தயிர்போலத் திரிந்து அரித்தால், மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால், துர்நாற்றம் வீசினால், உதிரம் கலந்து வந்தால் அது நோய்.

அதற்குப் படிகாரத் தண்ணீராலும் கிருமிநாசினியாலும் உள்ளே கழுவுகிறார்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். காப்பாற்றுகிற நல்ல கிருமிகளைத்தான் அது முதலில் கொல்கிறது. நோய் திரும்பத் திரும்ப வருவதற்கு அதுவே வழிசெய்கிறது.

அடுத்தது, "நிக்கப்போற வயசு, அதான் அதிகமாப் போகுது." நாற்பதுகளில் நாள் தள்ளிப்போகலாம், முன்பின் வரலாம். கட்டிகட்டியாகப் போவதும், ஒரு வாரத்தைத் தாண்டி நீடிப்பதும், உறவுக்குப்பின் உதிரம் படுவதும் வயதின் கணக்கில் சேராது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. அந்த உடம்பில் மாதாமாதம் இத்தனை உதிரம் போனால் மாடிப்படி ஏறக்கூட மூச்சு வாங்கும். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் அதையும் டீயோடு விழுங்குகிறார்கள். டீ அந்தச் சத்தை உடம்பில் சரியாகச் சேரவிடாது.

"நாங்க ஒழுக்கமான குடும்பம், எங்களுக்குக் கருப்பைவாய்ப் புற்று வராது" என்பதுதான் எனக்கு மிகவும் வலிக்கிற பேச்சு. அந்தப் புற்றை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸ் மிகச் சாதாரணமாகப் பரவுவது. ஒரே துணையோடு வாழ்ந்தவருக்கும் வரும். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. வைரஸ் தொற்றியபின் புற்றாக மாறப் பெரும்பாலும் பத்துப் பதினைந்து வருடம் ஆகும். அத்தனை வருடமும் நமக்குக் கிடைக்கும் அவகாசம். திசு எடுத்துப் பார்த்தால் புற்று பரவிவிடும் என்ற பயத்தில் அதையும் வீணாக்குகிறோம். அப்படிப் பரவாது.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கியது

கல்யாணம், கோயில், ஊர்ப்பயணம் என்று மாதவிலக்கைத் தள்ளிப்போட மாத்திரை வாங்கிப் போடுகிறார்கள். ரத்தம் உறைந்த வரலாறு உள்ளவருக்கு, ஈரல் நோய் உள்ளவருக்கு அது ஆபத்து. கடைக்காரர் அதை விசாரித்தா கொடுக்கிறார்?

இதைவிடக் கொடுமை கருக்கலைப்பு மாத்திரை. கரு, கருப்பைக்குள் இல்லாமல் சினைக்குழாயில் தங்கியிருந்தால் அந்த மாத்திரை அதைக் கலைக்காது. உதிரம் பட்டதும் "சரியாகிவிட்டது" என்று இருந்துவிடுகிறார்கள். குழாய் வெடித்து வயிறு நிறைய ரத்தத்தோடு நள்ளிரவில் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். சட்டப்படியே மருத்துவரிடம் செய்துகொள்ளக்கூடிய ஒன்றுக்கு ஏன் உயிரைப் பணயம் வைக்க வேண்டும்?

பரிசோதனை

30 வயது கடந்தவர்களுக்குத் தேவையானவை: கருப்பைவாய்ப் பரிசோதனை, ஹீமோகுளோபின், ரத்த அழுத்தம், சர்க்கரை. மாதவிலக்கு நின்றபின் உதிரம் பட்டால் ஸ்கேன், தேவையானால் திசு ஆய்வு.

கேட்டுக்கொள்வது இதுதான்

திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் நடந்த ஆய்வு 2007இல் லான்செட் இதழில் வெளியானது. கருப்பைவாயில் அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் எளிய சோதனை, அதுவும் ஒரே முறை. கருப்பைவாய்ப் புற்றால் நேரும் சாவு 35 சதவீதம் குறைந்தது. நம் ஊர்ப் பெண்கள் நிரூபித்துக் காட்டியதை நாமே பயன்படுத்தாமல் இருக்கிறோம்.

முகாம் நடத்துகிறவர்களே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். ஒரு வேளை மசாஜைக் குறைத்துக்கொண்டு, இந்தச் சோதனைக்கு ஒரு அறையும் ஒரு செவிலியரும் ஏற்பாடு செய்யுங்கள். சோதனை வேண்டும் என்று தெரிந்துகொண்டு வீடு திரும்பியவர்களில் பலர் அடுப்படியில் நுழைந்ததும் மறந்துவிடுகிறார்கள்; அதனால்தான் முகாமிலேயே செய்யச் சொல்கிறேன்.

வருகிற தாய்மார்களே, வீட்டில் 9 முதல் 14 வயதுக்குள் பெண்பிள்ளை இருந்தால் எச்.பி.வி. தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். உங்களுக்கான சோதனைக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசு கேட்கமாட்டார்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால், முகாமில் பக்கத்தில் பாய் விரித்திருந்தவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மாதவிலக்கு நாட்கள் மட்டும் வேண்டாம்; மற்ற எந்த நாளும் சரி.