பேனாவின் மெதுவான கால்

ஆங்கிலத்தில் பாடம் நடத்தும் ஒருவர் நிமிடத்துக்கு 120 முதல் 150 சொற்கள் வரை பேசுகிறார். பேனா பிடித்த கை அதில் இருபது, இருபத்தைந்துக்கு மேல் எட்டுவதில்லை. தட்டச்சு பழகிய விரல்கள் அதைப்போல் இரு மடங்காவது ஓடும். நோட்டில் குறிப்பெடுப்பதா, லேப்டாப்பிலா என்ற வாதத்துக்கு இந்தக் கணக்குதான் வேர்.

ஐந்தில் நான்கு சொல்லை விட்டாக வேண்டும் என்றால், எது வேண்டும், எதைச் சுருக்கலாம் என்று கேட்கும்போதே முடிவு செய்தாக வேண்டும். அந்த முடிவெடுப்பிலேயே பாதிப் படிப்பு நடந்துவிடுகிறது. லேப்டாப்காரருக்கு இந்த நெருக்கடி குறைவு. காதில் விழுந்ததை அப்படியே விரலுக்கு அனுப்பிவிடலாம்.

இதைச் சோதித்தவர்கள் பாம் முல்லர், டேனியல் ஓப்பன்ஹைமர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள். 2014இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், மாணவர்கள் உரைகளைப் பார்த்துக் குறிப்பெடுத்தார்கள். பாதிப் பேர் பேனாவில், பாதிப் பேர் இணையம் துண்டிக்கப்பட்ட லேப்டாப்பில். தகவல் கேள்விகளில் இரு தரப்பும் சமம். கருத்தைப் புரிந்து விளக்க வேண்டிய கேள்விகளில் லேப்டாப் தரப்பு பின்தங்கியது. அடுத்த சோதனையில், “சொன்னதைச் சொன்னபடி எழுதாதீர்கள், உங்கள் சொல்லில் எழுதுங்கள்” என்று முன்கூட்டியே எச்சரித்துப் பார்த்தார்கள். விரல்கள் கேட்கவில்லை. இந்த ஆய்வில் எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

பத்திரிகைகள் ‘பேனா வென்றது’ என்று கொண்டாடின. ஆனால் 2021இல் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஹெதர் அரி குழுவினர் முதல் சோதனையை அப்படியே திரும்பச் செய்தபோது பாதிதான் தேறியது. லேப்டாப்காரர்கள் அதிகம் எழுதுகிறார்கள், சொல் மாறாமல் எழுதுகிறார்கள் என்பது உறுதியானது. மதிப்பெண்ணில் மட்டும் சொல்லும்படியான வித்தியாசம் வரவில்லை.

பேனாவுக்கென்று தனி மகிமை இருப்பதாகவும் எனக்குத் தோன்றவில்லை. 1837இல் ஐசக் பிட்மன் வெளியிட்ட சுருக்கெழுத்து முறையை நம் ஊர்த் தட்டச்சுப் பயிலகங்களில் இன்றும் கற்றுத் தருகிறார்கள். அதுவும் கையால் எழுதுவதுதான். ஆனால் ஒரு சொல் விடாமல் பிடிப்பதே அதன் நோக்கம். வேகம் வந்துவிட்டால் பேனாவும் வெறும் பதிவுக் கருவி ஆகிவிடும்.

நார்வேயின் ட்ரான்ட்ஹைம் நகரில் நடந்த மூளை ஆய்வைப் பலர் மேற்கோள் காட்டுகிறார்கள். 36 மாணவர்களின் தலையில் 256 உணரிகள் பொருத்தி, கையால் எழுதும்போது மூளைப் பகுதிகளுக்கிடையே தொடர்பு கூடுகிறது என்று 2024இல் வெளியிட்டார்கள். ஒப்பிடுவதற்காக அதே மாணவர்கள் தட்டச்சும் செய்தார்கள்; ஆனால் ஒற்றை ஆள்காட்டி விரலால்தான் தட்டினார்கள். பத்து விரல் பழகியவருக்கு இது எப்படிப் பொருந்தும்?

வகுப்பறையில் லேப்டாப்பின் பெரிய தொல்லை வேறு. அங்கே இணையம் துண்டிக்கப்பட்டிருக்காது. கனடாவில் ஃபாரியா சனாவும் உடன் ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், பாடத்தின் நடுவே லேப்டாப்பில் வேறு வேலை பார்த்தவர்களின் மதிப்பெண் குறைந்தது. அந்தத் திரைகள் கண்ணில் படும்படி உட்கார்ந்து, தாளில் ஒழுங்காகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கோ, திரை தெரியாத இடத்தில் இருந்தவர்களைவிட 17 விழுக்காடு குறைந்தது.